கட்டளைக் குரல்

1996ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் பதினாறாம் நாள், வெள்ளிக்கிழமை. வானம் விடியற்காலையிலிருந்தே மேகம் மூடிக் கிடந்தது. பாலக்காட்டுக் கணவாயின் வழியே புகுந்த மேல்காற்று, போத்தனூர் இரயில்வே மைதானத்துச் செம்மண்ணைக் கிளப்பிக் கண்ணில் இறைத்தது. மழை மட்டும் ஒரு துளியும் விழவில்லை.

மைதானத்தின் ஒரு கோடியில் செங்கோடன் நின்றுகொண்டிருந்தான். மறு கோடியில், வேப்பமரத்தடியில், அவனுடைய நண்பன் உமர் பாரூக் நின்றான். இருவரும் இரண்டாம் நிலைச் சிறைக் காவலர் பதவிக்கு விண்ணப்பித்தவர்கள். எழுத்துத் தேர்விலும் உடற்திறன் தேர்விலும் வெற்றி பெற்றவர்கள். கயிறு ஏறும் இடத்தில் ஒருவரையொருவர் கூவி உற்சாகப்படுத்தியதில் தொடங்கிய நட்பு அது. இனி எஞ்சியிருந்தது நேர்முகத் தேர்வு ஒன்றே. அதுவும் வருகிற வியாழக்கிழமை.

நேர்முகத் தேர்வில் குரலையும் சோதிப்பார்கள் என்னும் செய்தியைக் கொண்டுவந்தவன் உமர் பாரூக். அவனுடைய அக்காள் கணவர் முந்தைய ஆள் எடுப்பின்போது அந்த அறைக்குள் போய்வந்தவர். மண்டபத்தின் மறு கோடியில் ஓர் அலுவலர் கைதியைப் போல நடந்து போவார். அவரைக் கைதியென்றே எண்ணி அதட்டி நிறுத்த வேண்டும். நூறு பேர் கலைந்து நிற்கும் சிறை முற்றத்தில் ஒற்றை ஆளின் குரல் எடுபடுமா என்று அறிவதற்காகவே அந்த ஏற்பாடு என்று அவர் விளக்கியிருந்தார்.

“நாந்தாங் கைதி. செவுரு ஏறிக் குதிக்க ஓடறேன். நிறுத்து என்னய!” என்று கூவிவிட்டு உமர் பாரூக் ஓடத் தொடங்கினான்.

செங்கோடன் மூச்சை நெஞ்சு நிறைய இழுத்தான். வாயைத் திறந்தான்.

“ஏனுங்க… சித்த நில்லுங்க!”

உமர் பாரூக் ஓட்டத்தை நிறுத்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

“டேய் மாப்ள! கைதிய நிறுத்தச் சொன்னா பந்திக்குக் கூப்புடறியேடா! ‘சித்த நில்லுங்க, ஒரு காப்பி குடிச்சுப்போட்டுத் தப்பிச்சுப் போங்க’ன்னு முழுசாச் சொல்லிருடா!”

செங்கோடனும் சிரித்தான். மறுபடி முயன்றான், மறுபடியும் ‘ங்க’ வந்தது. மூன்றாம் முறை ‘ங்க’ வரவில்லை; குரலே வரவில்லை.

அவனுக்குத் தொண்டையில் குறை எதுவும் இல்லை. அன்னூரில் ஒரு பஞ்சு அரைக்கும் ஆலையில் மூட்டை தூக்கி வளர்ந்த உடம்பு அவனுடையது. இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. எனினும், பேசுவது வேறு, ஆணையிடுவது வேறு. அவன் பிறந்தது அன்னூருக்கு வடக்கே ஒரு சிற்றூரை ஒட்டிய காலனியில். ஊருக்குள் நடக்கும்போது தோள்துண்டு கக்கத்துக்குப் போகும். எதிரே தோட்டத்துக்காரர்கள் வந்தால் கால்கள் தாமாகவே பாதையின் ஓரத்துக்கு விலகும். பேசுகையில் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியும் தணியும். இவற்றை எவரும் அவனுக்குப் பாடமாக நடத்தவில்லை. நடை பழகிய நாளிலேயே இவையும் பழகிவிட்டன. அதட்டலைக் கேட்டுத்தான் அவனுக்குப் பழக்கமே தவிர, அதட்டிப் பழக்கமில்லை.

இந்த வாய்ப்புத் தவறினால் மறு வாய்ப்பு இல்லை என்பதையும் அவன் அறிவான். அடுத்த ஆள் எடுப்பு வருவதற்குள் அவனுக்கு வயது கடந்துவிடும். வேலை கிடைத்தாலோ, சிறைக் காவலர் குடியிருப்பில் ஒரு வீடு கிடைக்கும். சம்பளத்தை விடவும் அந்த வீட்டையே அவன் அதிகம் நினைத்தான். அந்த வீட்டுக்குப் போகும் தெருவில் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைக்க வேண்டியதில்லை. அவனுடைய தாய் மாரியாத்தாள் பிறர் காட்டில் களை வெட்டிக் குனிந்த முதுகோடு அங்கே வந்து, ஒரு நாற்காலியில் சாய்ந்து உட்காரலாம்.

அன்று மாலை வீட்டு வாசலில் தாயையே கைதியாக நிறுத்திப் பழகிப் பார்த்தான்.

“நான் என்ன தப்புப் பண்ணிப்போட்டு உள்ள வந்தேன்? அதச் சொல்லு மொதல்ல” என்றாள் மாரியாத்தாள்.

“அதெல்லாம் எதுக்கும்மா? சும்மா கைதின்னு நெனச்சுக்க.”

“அதெப்படி? கொலைன்னா நெஞ்ச நிமுத்திக்கிட்டு நிக்கோணும். களவுன்னாத் தலையத் தொங்கப் போடோணும். தெரியாம எப்படி நிக்கறது?”

“சாராயக் கேசு.”

“அப்ப உங்கப்பனாட்டம் நிக்கறேன்” என்று அவள் இடுப்பை ஒடித்துத் தள்ளாடி நின்றாள். பக்கத்து வீட்டு ராசம்மாள் சாணிக் கையோடு வந்து நின்று சிரித்தாள்.

“ஏய்! நேரா நில்லு!” என்றான் செங்கோடன்.

“ஏய்ங்கறயா? பெத்தவளப் பாத்து?”

“நீதானம்மா கைதி?”

“கைதியானாலும் உனக்கு ஆத்தாதான்டா. இன்னொருக்கா ஏய்னீன்னா வெளக்குமாறு பிஞ்சு போயிரும்.”

“போலீசுக்கே அடியா!” என்று ராசம்மாள் கைகொட்டினாள்.

மாரியாத்தாள் சேலையைச் சரிசெய்துகொண்டாள். மகனின் முகம் வாடியிருப்பதைக் கண்டு குரலைத் தணித்தாள். “ஊட்டு வாசல்ல இது ஆவாது கண்ணு. வெள்ளன எந்திரிச்சு ஆளில்லாத பக்கம் போயிக் கத்து. மரத்தையும் கல்லையும் திட்டு. அதுக பதில் பேசாது.”

தாய் சொன்னவாறே, சனிக்கிழமை காலை அவன் ஊர்க்குளத்துக்குப் போனான். மூன்று ஆண்டுகளாக நீர் காணாத குளம் அது. வெடித்த தரையும் வேலிக்காத்தானுமாகக் கிடந்தது. நடுவில், வெட்டியெடுத்த மரமொன்றின் அடிக்கட்டை ஆள் உயரத்துக்கு நின்றது. செங்கோடன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு அந்தக் கட்டையைப் பார்த்து நின்றான்.

முதலில் குரல் தொண்டையிலிருந்து வந்தது. பிறகு நெஞ்சிலிருந்து வந்தது. பொழுது ஏற ஏற, அடிவயிற்றிலிருந்தே எழுந்து வந்தது. கட்டையை நிற்கச் சொன்னான், உட்காரச் சொன்னான், வரிசையில் வரச் சொன்னான். குளத்தின் கரை அவனுடைய குரலை வாங்கி அவனுக்கே திருப்பிக் கொடுத்தது. தன் குரலைத் தானே வெளியிலிருந்து கேட்பது அவனுக்கு அதுவே முதல் முறை. அது யாரோ ஒரு பெரிய மனிதரின் குரலைப் போல இருந்தது.

அப்பொழுது கரையின் மேல் ஒரு மொபெட் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் திருமூர்த்திக் கவுண்டர். குளத்துக்குக் கீழ்ப்புறம் இருந்த பெரிய தோட்டத்துக்குச் சொந்தக்காரர். மாரியாத்தாளுக்கு ஆண்டில் பாதி நாள் வேலை கொடுப்பது அந்தத் தோட்டந்தான். பின்னால் உட்கார்ந்திருந்தவர் அவருடைய மைத்துனர் தனபால். சிங்காநல்லூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர். மறுநாள் அன்னூரில் நடக்கவிருந்த உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக வந்திருந்தார்.

“ஏண்டா செங்கோடா! ஆர அங்க அந்த அதட்டு அதட்டறே?”

துண்டு தலையிலிருந்து கக்கத்துக்கு வந்தது. “ஆருமில்லீங்க சாமி. செயிலு வேலைக்கு இண்டர்வியூங்க. சத்தம் போட்டுப் பழகோணும்னாங்க.”

“கட்டை அடங்குச்சா?” என்று தனபால் சிரித்தார். “பாத்துடா, ராவுல எந்திரிச்சு ஓடிப்போயிரப் போவுது!”

கவுண்டர் அன்று மகிழ்ச்சியாக இருந்தார். அவர் போட்ட ஆழ்குழாய்க் கிணற்றில் அந்த வாரந்தான் தண்ணீர் கண்டிருந்தது. மொபெட்டை நிறுத்திவிட்டு இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“எங்க, இன்னொருக்காக் கத்து. நாங்களும் கேக்கறோம்.”

செங்கோடன் கட்டையைப் பார்த்து, முன்னைவிடத் தணிவாக ஒரு முறை கத்தினான்.

“அங்கெதுக்குடா? இங்க பாரு. நாந்தாங் கைதி. என்னயப் பாத்துக் கத்து.”

“அய்யோ, வேண்டாமுங்க சாமி.”

“அட, கத்துடாங்கறேன்.”

“நம்மனால ஆவாதுங்க.”

“என்னடா ஆவாது? நாஞ் சொல்றேன், கேக்க மாட்டயா?”

இந்தக் கடைசிச் சொற்களில் விளையாட்டுச் சற்றே குறைந்திருந்தது. கவுண்டர் ஒன்றைச் சொல்லி, அது நடவாமல் போவது அந்த ஊரில் வழக்கமில்லை. அதுவும் மைத்துனர் பார்த்துக்கொண்டு நிற்கையில். செங்கோடன் ஒரு கணம் தரையைப் பார்த்தான். தன் வாழ்நாளில் என்றும் செய்ததையே அப்பொழுதும் செய்தான், சொன்னதைக் கேட்டான். நிமிர்ந்து, கவுண்டரின் கண்களை நேரே பார்த்தான்.

“டேய்! நில்லுடா அங்கியே! கையத் தூக்குடா மேல!”

கரைக்கு அப்பாலிருந்த வயலில் கொக்குகள் எழுந்து பறந்தன. திருமூர்த்திக் கவுண்டரின் இரண்டு கைகளும் மேலே போயின. விளையாட்டுக்காகத்தான் தூக்கினார் என்று பின்னர் எல்லோரும் சொன்னார்கள். அவரும் அவ்வாறே சொல்லிக்கொண்டார். ஆனால் சிரிப்பு அவர் முகத்துக்கு வருவதற்கு முன்பே கைகள் உயர்ந்துவிட்டன. அதைச் செங்கோடன் பார்த்தான். தனபாலும் பார்த்தார். செங்கோடனின் முகத்தில் தன்னையறியாமல் மலர்ந்துவிட்ட மகிழ்ச்சியையோ, கவுண்டர் பார்த்தார்.

“பரவால்லடா” என்றார் அவர், கைகளை இறக்கி வேட்டியில் துடைத்துக்கொண்டு. “வேலை கெடச்சுரும் உனக்கு.”

மொபெட் போனபின்னும் செங்கோடன் நெடுநேரம் பழகினான். அவ்வளவு மகிழ்ச்சியாக அவன் அதற்கு முன் எந்தக் காலையிலும் இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்த திருமணத்தில் மாரியாத்தாள் பாத்திரம் கழுவும் வேலைக்குப் போயிருந்தாள். பந்தி நடந்த கூடத்துக்கும் அவள் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்கும் நடுவே ஓர் ஓலைத் தடுப்புத்தான் இருந்தது. தனபால் அந்தக் கதையை வரிசை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனதை அவள் கேட்டாள்.

“எங்க மச்சான் கையத் தூக்குனாரு பாருங்க, பேங்க்குல கொள்ளை போறப்பக்கூட ஆரும் அத்தன சுறுசுறுப்பாத் தூக்க மாட்டாங்க!”

கவுண்டர் முதலில் தாமும் சிரித்தார். பந்தியில் உட்கார்ந்தபோது, பரிமாற வந்த உறவுக்காரர் ஒருவர், “மாமா, கையத் தூக்குங்க, எலையப் போடறேன்” என்றார். கூடமே சிரித்தது. அதற்கும் அவர் புன்னகைத்தார். பாயசம் வருகையில் இன்னொருவர், “போதும்னாக் கையத் தூக்கோணுமுங்க, காலனியில சொல்லி உட்டிருக்காங்க” என்றார். கவுண்டர் இலையைப் பாதியில் மடித்துவிட்டு எழுந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாரியாத்தாள் மகனின் எதிரே உட்கார்ந்து, நனைந்து வெளுத்த கைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “அவரு சொன்னாருன்னு நீ எதுக்குடா கத்துனே?”

“சொன்னாருன்னுதாம்மா கத்துனேன்.”

மாரியாத்தாள் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

திங்கட்கிழமை மாலை காவலர் ஒருவர் காலனிக்கு வந்து செங்கோடனை அழைத்துப் போனார். மாரியாத்தாளும் பின்னாலேயே ஓடினாள். காவல் நிலையத்தில் திருமூர்த்திக் கவுண்டர் ஒரு நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பொதுவழியில் தம்மை மறித்து, இழிவாகப் பேசி மிரட்டியதாக அவர் புகார் கொடுத்திருந்தார். மேசைக்குப் பின்னால் இருந்த ஏட்டு அதைப் படித்துக் காட்டினார்.

“சாமி, நீங்க சொல்லித்தானுங்களே…” என்றான் செங்கோடன்.

“நாஞ் சொன்னா?” கவுண்டர் முதல் முறையாகத் திரும்பினார். “கத்துன்னாக் கத்திருவயா? கெணத்துல குதின்னாக் குதிச்சிருவயா?”

குதித்துத்தான் இருப்பேன் என்று செங்கோடனுக்குத் தோன்றியது. மாரியாத்தாள் அவன் முதுகில் கை வைத்து அழுத்தினாள். அந்த அழுத்தத்தின் பொருள் அவனுக்குத் தெரியும்.

அந்தப் பகுதி ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவன் செய்தானா, செய்யவில்லையா என்று எவரும் நீண்ட நேரம் ஆராய்வதில்லை. அவன் காலில் விழுந்து, “தப்புத்தானுங்க” என்று ஒப்புக்கொண்டு, ஊர் விதிக்கும் தெண்டத்தைக் கட்டிவிட்டால் அத்துடன் அந்தக் கதை முடிந்தது. அதற்குப்பின் அதைப்பற்றி வாய் திறப்பவனே குற்றவாளி. செங்கோடனின் தந்தை ஒரு முறை, யாரோ விட்ட ஆடு பயிரை மேய்ந்ததற்காகத் தெண்டம் கட்டினார். மறுநாளே அதே காட்டுக்காரர் அவரை வேலைக்குக் கூப்பிட்டு, மதியம் தம் கையால் மோர் ஊற்றினார். ஒப்புக்கொள்வது என்பது அங்கே உண்மையைச் சொல்வதன்று, ஒன்றை முடித்துவைப்பது.

ஆதலால் செங்கோடன் விழுந்தான். காவல் நிலையத்தின் சிமெண்டுத் தரையில் நெற்றி பட விழுந்து, “தப்புத்தானுங்க சாமி” என்றான்.

கவுண்டரின் முகம் இளகியது. இரண்டு நாட்களாக நெஞ்சில் கிடந்த கல்லைக் கீழே வைத்தவர்போல அவர் மூச்சு விட்டார். “செரி, எந்திரி. உடு. போச்சு.” ஏட்டின் பக்கம் திரும்பி, “அவ்ளோதானுங்க. நான் வாரேன்” என்று எழுந்தார்.

“அதெப்படிங்க? புகாரு எழுதி நம்பர் போட்டாச்சுங்களே” என்றார் ஏட்டு. “ஒண்ணும் பெரிசில்லீங்க. பெட்டி கேசு. நாளைக்குக் கோர்ட்டுக்கு வந்து ஒத்துக்கிட்டு அபராதத்தக் கட்டீட்டான்னாப் பத்து நிமிசத்துல முடிஞ்சுது. இல்லேன்னா வாய்தா மேல வாய்தாவா இழுக்கும். ஏப்பா, உனக்கு வியாழக்கெழம இண்டர்வியூன்னு சொன்னயல்ல? கேசோட போவயா, கேச முடிச்சுப்போட்டுப் போவயா?”

“முடிச்சுப்போட்டுப் போறனுங்க” என்றான் செங்கோடன்.

“அபராதத்த நான் கட்டீர்றேன்” என்றார் கவுண்டர். “பையன் நல்லபடியாப் போயிட்டு வரட்டும். இந்தப் பொழப்புல அவங்கிட்டப் போயி என்னத்த வாங்கறது?”

மாரியாத்தாள் இரு கைகளையும் தலைக்கு மேல் குவித்தாள். அவள் கண்கள் உண்மையாகவே நிறைந்துவிட்டன.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் செங்கோடனுக்கு ஓர் எண்ணம் வந்தது. போத்தனூருக்குப் போய் உமர் பாரூக்கிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் என்ன? அவனுக்கு இப்படிப்பட்ட செய்திகள் தெரியும். ஆனால் கேட்பதென்றால் முழுவதையும் சொல்ல வேண்டும். காவல் நிலையத்துத் தரையில் விழுந்ததையும் சொல்ல வேண்டும். ‘சித்த நில்லுங்க’ என்றதற்கு அவன் எப்படிச் சிரித்தான் என்பது நினைவுக்கு வந்தது. இதற்கு அவன் சிரிக்கமாட்டான். அதுதான் செங்கோடனால் தாங்கமுடியாதது. அவன் போத்தனூருக்குப் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை நீதிமன்றத்தில் ஏட்டு சொன்ன அளவுக்குக்கூட நேரம் ஆகவில்லை. “குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?” என்று கேட்டார்கள். “ஒத்துக்கறனுங்க” என்றான். எழுதிக்கொண்டார்கள். வெளியே வந்து ஒரு சர்பத் குடித்தான். காற்று நன்றாக வீசியது. உடம்பு இலேசாகிவிட்டதுபோல் உணர்ந்தான். புதன்கிழமை குளத்துக்கரையில் எதிர்ப்பட்ட கவுண்டர் தாமே மொபெட்டை நிறுத்தி, “நாளைக்குத்தான? விபூதி வெச்சுட்டுப் போ” என்றார். அவர் குரலில் பகை துளியும் இல்லை. அவருக்கும் அது முடிந்துபோன கதைதான்.

வியாழக்கிழமை நகரத்து மண்டபத்தின் வெளியே, தேய்த்த வெள்ளைச் சட்டைகளில் விண்ணப்பதாரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். செங்கோடனுக்கு அடுத்த எண் உமர் பாரூக்குடையது.

“குரலு வந்துச்சாடா?” என்று அவன் காதோரம் கேட்டான்.

“வந்துருச்சு.”

“‘ங்க’ போயிருச்சா?”

“போயிருச்சு.”

“பாத்துடா, உள்ள இருக்கறவங்க அதிகாரிங்க. அவங்களுக்குப் போடற ‘ங்க’வயும் மறந்துராத.”

செங்கோடன் சிரித்துக்கொண்டே உள்ளே போனான்.

மூன்று அலுவலர்கள் ஒரு நீண்ட மேசைக்குப் பின்னால் இருந்தனர். நடுவில் இருந்தவர் நரைத்த மீசைக்காரர்; அவரே தலைவர். சிறைக் காவலரின் கடமைகள் யாவை என்று கேட்டார். செங்கோடன் தடுமாறாமல் சொன்னான். கைதி ஒருவன் உணவை மறுத்தால் என்ன செய்வாய் என்று இடப்புறத்தவர் கேட்டார். மேலதிகாரியிடம் உடனே தெரிவிப்பேன், அவனை அடிக்கமாட்டேன், காரணம் கேட்பேன் என்றான். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தனர். பிறகு வலப்புறத்தவர் எழுந்து, மண்டபத்தின் மறு கோடிக்குச் சென்று, முதுகைக் காட்டியபடி சுவரோரமாக நடந்தார்.

“அவர் ஒரு கைதி. தடைசெய்யப்பட்ட இடத்துக்குப் போகிறார்” என்றார் தலைவர்.

செங்கோடன் நிமிர்ந்தான். அவன் கண் முன்னால் வறண்ட குளமும், கரையின் மேல் உயர்ந்த இரண்டு கைகளும் தெரிந்தன.

“டேய்! நில்லுடா அங்கியே! கையத் தூக்குடா மேல!”

சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சுவரோரமாக நடந்த அலுவலர் திடுக்கிட்டு நின்று, பிறகு சிரித்துக்கொண்டே திரும்பினார். “சார், இந்தக் குரல் இருந்தாச் சைரன் எதுக்கு?” என்றார். தலைவரும் மீசைக்குள் சிரித்தார். எதையோ குறித்துக்கொண்டார். காவலர் குடியிருப்பின் வீடு அவனுக்கு அப்பொழுது மிக அருகில் இருந்தது. அதன் கதவின் தாழ்ப்பாளைக் கூட அவனால் தொட முடியும்போல் இருந்தது.

“நல்லது, தம்பி. ஒரு சம்பிரதாயக் கேள்வி” என்றார் தலைவர், குறிப்பிலிருந்து தலையை எடுக்காமல். “உங்கள் மேல் வழக்கு ஏதாவது நிலுவையில் இருக்கிறதா?”

“நிலுவையில எதுவும் இல்லீங்க ஐயா. ஒண்ணு இருந்துச்சுங்க. முந்தாநேத்து முடிச்சுட்டனுங்க.”

தலைவர் நிமிர்ந்தார். “முடித்ததென்றால்?”

“கோர்ட்டுல ஒத்துக்கிட்டு அபராதம் கட்டியாச்சுங்க ஐயா. இனி பாக்கி ஒண்ணுமில்லீங்க.” அவன் இதைப் பெருமையோடுதான் சொன்னான். கடன் மிச்சம் வைக்காமல் வந்தவன் என்பதை அவர்கள் அறிந்துகொள்ளட்டும் என்றே சொன்னான்.

அறையில் சிரிப்பு நின்றது. வலப்புறத்தவர் தம் நாற்காலிக்கு வந்து, ஓசைப்படாமல் உட்கார்ந்தார்.

“என்ன வழக்கு?”

அவன் சொன்னான். தலைவர் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். கேட்டுவிட்டு, மெல்லிய குரலில், “நீங்கள் மிரட்டினீர்களா?” என்றார்.

“இல்லீங்க ஐயா.”

“பிறகு ஏன் ஒப்புக்கொண்டீர்கள்?”

“ஒத்துக்கிட்டாத்தானுங்களே ஐயா முடியும்?”

தலைவர் பேனாவின் மூடியை எடுத்து மாட்டினார். மற்ற இருவரும் தத்தம் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

“யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, தம்பி” என்றார் அவர். “வழக்கு நடந்துகொண்டிருந்தால்கூட நாங்கள் காத்திருக்கலாம். பொய்ப் புகார் என்று நீங்கள் வாதாடி வெளியே வந்திருக்கலாம். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவரைச் சிறைக் காவலராக எடுக்க எங்களுக்கு விதியில் இடமில்லை. இன்றைக்கு நான் எழுதாமல் விட்டாலும், விசாரணை அறிக்கையில் அது வந்துவிடும்.”

“அபராதத்தக் கூட அவருதானுங்க கட்டுனாரு” என்றான் செங்கோடன். அதை ஏன் சொன்னான் என்று அவனுக்கே விளங்கவில்லை.

“அப்படியா” என்றார் தலைவர். அவனுடைய விண்ணப்பத்தை மடித்து வைத்துவிட்டு, “நீங்கள் போகலாம்” என்றார்.

“செரீங்க ஐயா” என்றான் செங்கோடன். கும்பிட்டான். போகச் சொன்னதால் போனான்.

கதவைத் திறந்ததும் உமர் பாரூக் துள்ளி எழுந்து அவன் தோள்களைப் பிடித்துக்கொண்டான்.

“டேய் மாப்ள! கேட் வரைக்கும் கேட்டுச்சுடா! டீக்கடைக்காரன் கிளாசக் கீழ போட்டுட்டான். எல்லாரும் சொல்றாங்க, இவனுக்கு எழுதி வெச்சாச்சு, நாம அடுத்த எடத்துக்குத்தான் அடிச்சுக்கோணும்னு! என்ன சொன்னாங்க?”

உள்ளிருந்து உமர் பாரூக்கின் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

“நீ போ” என்றான் செங்கோடன். “நல்லாப் பண்ணு. அப்பறஞ் சொல்றேன்.”

“அட, ஒரே வார்த்தைல சொல்லுடா!”

“கூப்புடறாங்க பாரு. போ.”

கதவு சாத்திக்கொண்டது. வரிசையில் இருந்தவர்கள் செங்கோடனுக்கு நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஒருவன் மரியாதையோடு எழுந்தே நின்றான். செங்கோடன் உட்காரவில்லை. கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தான். மணி பதினொன்று நாற்பது. உமர் பாரூக் வெளியே வந்ததும் அவனிடம் முழுவதையும் சொல்ல வேண்டும்.